எரிந்ததாகச் சொல்லப்பட்ட படங்கள்

சிஜி காட்சிக்கூடத்துக்குள் நுழைந்தபோது பிபின் ஏணியின் மேல் நின்று ஒரு விளக்கின் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தான். அக்காள் வருவாள் என்பது அவனுக்குத் தெரியும். கூட்டம் தொடங்குவதற்கு இவ்வளவு முன்னதாக வருவாள் என்பது தெரியாது. அவள் கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை இருந்தது. ரப்பர் வளையம் போட்ட காகிதச் சுருள் ஒன்று பைக்குள் அடங்காமல் அரை முழம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவள் ஏணியிலிருந்த தம்பியைப் பார்க்கவில்லை. சுவர்களில் மாட்டியிருந்த அவனுடைய ஓவியங்களையும் பார்க்கவில்லை. வாசலுக்கு நேரெதிர்ச் சுவரில் ஆளுயரத்துக்கு ஒட்டப்பட்டிருந்த எழுத்துகளுக்கு முன்னால் போய் நின்று, சபையில் வேதபாடம் வாசிப்பவளைப் போல உரக்க வாசித்தாள். எழுத்து மலையாளத்தில் இருந்தது. அதன் பொருள் இது:

‘எனக்குப் பன்னிரண்டு வயதானபோது என் தந்தை என் ஓவியங்களையெல்லாம் கிணற்றடியில் குவித்து எரித்தார். விக்கிரகம் செய்பவன் இந்த வீட்டுக்கு ஆகாது என்றார். என் நிறங்கள் அந்தச் சாம்பலிலிருந்து வருகின்றன. நான் வரைவதில்லை, எரிந்தவற்றை மீட்கிறேன்.’

கீழே பிபினின் பெயர் இருந்தது.

“இறங்குலே கீழ,” என்றாள் சிஜி. “கிணத்தடியாம். நம்ம வீட்டுல ஏதுலே கிணறு? பிறந்த அன்னையிலேந்து நமக்குப் பைப்பு வெள்ளமல்லே?”

“ஒச்ச வைக்காத அக்கா. ஆளு இருக்கு.”

“இருக்கட்டும். ஆளு கேக்கணும்னு தன்னே வாசிச்சேன்.”

ஆள் என்று இருந்தது, நாற்காலிகளை விரித்துக்கொண்டிருந்த ஒருவர் மட்டுமே. அவர் இருவரையும் பார்த்துவிட்டு, நாற்காலிகள் தேவைப்படாத மூலைக்கு நகர்ந்தார். பிபின் இறங்கினான். நகரத்துக்குள், வழுதக்காட்டில் ஒரு பழைய வீட்டின் உட்சுவர்களை இடித்து அமைத்த கூடம் அது. அங்கே அவனுடைய ஓவியங்கள் இரண்டு வாரமாகக் காட்சியில் இருந்தன. அன்று மாலை, ஓவியன் பார்வையாளர்களோடு உரையாடும் நிகழ்ச்சி.

“இது பேப்பர்ல வந்தது முந்தின ஞாயிற்றுக்கிழமை,” என்றாள் சிஜி. “ஆராதனை முடிஞ்சு வெளிய வருதோம், மேரி டீச்சர் பேப்பரைக் கையில வச்சுக்கிட்டு நிக்கிதா. போட்டோவோட. ‘ராஜையன் சாரு இப்பிடிப்பட்ட ஆளா’ன்னு கேக்குதா. சபையில எல்லாரும் வாசிச்சாச்சு. அடுத்த வாரம் சண்டே ஸ்கூலுக்கு எத்தன பிள்ளைய வந்துதுன்னு தெரியுமா உனக்கு? கமிட்டிக்காரங்க பிள்ளையகூட வரல்ல. தாய்மாரு விடல்ல. அப்பா வெறும் பெஞ்சுக்கு முன்னால ஜெபம் பண்ணிட்டு வீட்டுக்கு வந்துது.”

“அப்பா என்ன சொல்லிச்சு?”

“அப்பா என்னத்தச் சொல்லும்? ‘சோறு போடு’ன்னு சொல்லிச்சு.”

அவர்களுடைய தந்தை ராஜையனுக்கு உதியன்குளங்கரையில் ஒரு பெயின்ட் கடை உண்டு. ஆனால் எல்லையோரப் பாறசாலைச் சுற்றுவட்டத்தில் அவரைக் கடையை வைத்து அறிந்தவர்கள் குறைவு. சபையின் ஞாயிறு பள்ளியை நடத்துபவர் என்றே அறிந்தார்கள். மனைவி இறந்த வாரத்திலும் அவர் அந்த வகுப்பை நிறுத்தவில்லை. பொய் சொன்ன பிள்ளையை அடிக்கமாட்டார். அந்தப் பிள்ளை உண்மையைச் சொல்லும்வரை அதனோடு பேசமாட்டார். அடியைவிட அது கொடிது என்று பிள்ளைகளுக்குள் பேச்சு உண்டு. பிபினுக்கு அதில் சொந்த அனுபவமே உண்டு.

“வாற ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடுது,” என்றாள் சிஜி. “அப்பாவ மாத்தணுமா வேண்டாமான்னு. நீ இண்ணைக்கு இந்தக் கூட்டத்துல, இத்தன பேருக்கு முன்னால, நான் எழுதினது கள்ளம்னு சொல்லணும். பேப்பர்காரனும் வருவான் இல்லியா? அவனும் எழுதட்டும்.”

“சொல்லுதேன். ஆனா அதுக்கொரு வழி இருக்கு அக்கா. என் வழியில சொல்லுதேன்.”

“உன் வழி அன்னா சுவத்துல இருக்கு.”

அவன் அந்தச் சுவரைப் பார்க்காமல் நிற்கப் பழகியிருந்தான்.

அவன் எழுதிக்கொடுத்த முதல் குறிப்பு அது அன்று. கண்காட்சியை ஒழுங்குசெய்த ரெம்யா, ஓவியர் தம் தூண்டுதலைப் பற்றியும் நோக்கத்தைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதித் தரவேண்டும் என்று கேட்டபோது, அவன் நான்கு வரி எழுதினான். தன் தந்தைக்குப் பெயின்ட் கடை. சிறுவனாக இருந்தபோது நிற அட்டைகளில் ஒரு நிறம் இன்னொரு நிறத்தின் அருகில் இருப்பதைப் பார்த்துக்கொண்டேயிருப்பான். இப்போதும் அதையே செய்கிறான். ஏன் என்று தெரியாது. ரெம்யா ஸ்ரீவராகத்து அக்ரகாரத்தில் வளர்ந்தவள். மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் எழுதுவாள்; பிபினிடம் மட்டும் தன் வீட்டுத் தமிழில் பேசுவாள். அந்தக் காகிதத்தை அவள் இரண்டு விரல்களால் பிடித்திருந்தது அவனுக்கு இன்னும் நினைவிருந்தது.

“இது கடை விளம்பரமான்னா இருக்கு?” என்றாள் அன்று. “எதுக்கு வரையறேள்? எது உங்களைத் தொரத்தறது?”

“ஒண்ணும் தொரத்தல்ல.”

“ஒண்ணும் தொரத்தாதவா வரைஞ்சா அதுக்குப் பேரு டெகரேஷன். அதை ஓட்டல்காரன் வாங்குவன், ஜெர்மனிக்காரன் வாங்கமாட்டன்.”

ஜெர்மனியில் ஓராண்டு தங்கி வரைவதற்கான அழைப்பொன்று இருந்தது. தேர்வுக்குழு ஓவியங்களைப் பார்க்கும் முன் குறிப்பைப் படிக்கும் என்று அவள் சொல்லியிருந்தாள்.

பாறசாலைப் பக்கத்துச் சபைகளில் வளர்ந்தவர்களுக்குச் சாட்சி சொல்வது புதிதன்று. கன்வென்ஷன் என்னும் ஆண்டுக் கூட்டத்தின் பந்தலில், பாட்டுக்கும் பிரசங்கத்துக்கும் இடையே ஒருவர் எழுந்து, தாம் எப்படிக் கிடந்தார், எப்படி எழுந்தார் என்று ஊரறியச் சொல்வார். குடித்தவர், மனைவியை அடித்தவர், தண்டவாளத்தில் தலைவைத்துப் படுத்தவர் ஆகியோரின் சாட்சிக்குப் பந்தல் முழுவதும் ஆமென் எழும், கைதட்டல் எழும். விசுவாசமுள்ள வீட்டில் பிறந்து, ஒழுங்காக ஞாயிறு பள்ளிக்குப் போய், இன்றளவும் சுகமாக இருப்பவர் எழுந்தால், ஆர்மோனியக்காரர் அடுத்த பாட்டின் எண்ணைத் தேடத் தொடங்கிவிடுவார். பிபினின் நான்கு வரியும் அவ்வகைச் சாட்சி. அதில் இருள் இல்லை. இருள் வேண்டுமென்று கேட்கிறார்கள் என்பது விளங்கியதும், அதை எங்கே வைக்க வேண்டும், எவ்வளவு வைக்க வேண்டும், எந்த இடத்தில் வெளிச்சத்துக்குத் திரும்ப வேண்டும் என்பனவற்றை அவனுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. சிறுவயதில் வரைந்த படங்கள் எங்கே போயின என்று அவனுக்குத் தெரியாது. காணாமற்போனவற்றை எரிந்தவை என்று எழுதுவது எளிதாக இருந்தது. எரிப்பதற்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. தந்தை கலைப்பக்கம் படிப்பவர் அல்லர்.

சிஜி பையிலிருந்த சுருளை உருவி, ரப்பர் வளையத்தைக் கழற்றி, மேசையின் மேல் விரித்தாள். பழைய சபைக் காலண்டர்களின் பின்பக்கங்கள். யானை, கடைக்கு முன்னால் நிற்கும் தந்தையின் ஸ்கூட்டர், தேங்காய்ப்பூ நிறத்தில் ஒரு கடல், நிற அட்டையைப் பார்த்து வரைந்த கட்டங்கள், பக்கம் பக்கமாக. ஒவ்வொன்றின் மூலையிலும் தந்தையின் கையெழுத்தில் தேதியும் வகுப்பும் குறிக்கப்பட்டிருந்தன.

பிபின் ஸ்கூட்டர் படத்தின் மூலையிலிருந்த தேதியை விரலால் தொட்டான்.

“அப்பா பீரோவுல, அம்மைக்க சேலைக்குக் கீழ,” என்றாள் சிஜி. “கேக்காம எடுத்துட்டு வந்தேன். நீ சொல்லல்லேன்னா நான் எழும்பி நின்னு இத ஒவ்வொண்ணாக் காட்டுவேன். பாத்துக்க.”

உள்ளறையிலிருந்து ரெம்யா வந்தாள். பட்டுச் சேலை, கழுத்தில் பழைய செப்புக் காசொன்று. மேசையைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

“ஐயோ, சைல்ட்ஹுட் டிராயிங்ஸா? இதை முன்னாடியே காட்டியிருந்தா ஒரு கண்ணாடிப் பொட்டியிலே…” என்று தொடங்கியவள், அவை எந்தப் படங்கள் என்பது உறைத்ததும் நிறுத்தினாள். “நீங்க சிஸ்டரா? உக்காருங்கோ.”

“உக்கார வரல்ல. அந்தச் சுவத்துல உள்ளதக் கிழிச்சுக் களையணும்.”

“அது வினைல் ஸ்டிக்கர். கிழிச்சா சுவர்ப் பெயின்ட்டோட உரிஞ்சுண்டு வரும்.”

“பெயின்ட் எங்க கடையிலேந்து கொடுத்து விடுதேன். எத்தன லிட்டர் வேணும்னு சொல்லுங்க.”

ரெம்யா சிரிக்கவில்லை. “ஆர்ட்டிஸ்டோட ஞாபகம், ஓர்மை, அது போலீஸ் ரிப்போர்ட் இல்லே, மனசிலாச்சா? அவருக்குள்ளே ஏதோ எரிஞ்சிருக்கு. வெளியிலே எரிஞ்சாத்தான் எரிஞ்சதுன்னு அர்த்தமா?”

“செரி. உள்ள எரிச்சது யாரு? அதுவும் எங்க அப்பா தானா?”

“அது அவருக்குன்னா தெரியும்.”

“உங்க அப்பா பேரச் சொல்லுங்க. நானும் எனக்குள்ள ஒண்ண எரிச்சு, உங்க தெருவுல ஒட்டி விடுதேன். அப்பம் ஓர்மையா போலீஸான்னு பாக்கலாம்.”

ரெம்யாவின் உதடுகள் இறுகின. பிபினைப் பார்த்து, “இதையெல்லாம் இன்னிக்கு வெளியிலே எடுக்கப்படாது,” என்றாள். “கேட்டலாக் அச்சாயிடுத்து. செலக்‌ஷன்காரா ரெண்டு பேர் முன் வரிசையிலே உக்காரப்போறா. நீங்க இன்னிக்குப் போய் அது பொய்னு சொன்னா, நாளைக்கு உங்க பெயின்டிங்கும் பொய்தான். என் பேரும் போயிடும். யோசிச்சுக்கோங்கோ.”

“அவன் யோசிச்சதுதான் சுவத்துல இருக்கு,” என்றாள் சிஜி.

அவன் இருவருக்கும் தலையசைத்தான். இரண்டு தலையசைப்புகளும் ஒரே மாதிரி இருந்தன என்பதை இரண்டு பெண்களும் கண்டுகொண்டார்கள்.

*

ராஜையன் ஐந்தரைக்கு வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கைக்குடை. அவரை அழைத்தது யார் என்று பிபினுக்குத் தெரியவில்லை, அழைக்காமலே வந்திருக்கக்கூடும். அவர் குடையைச் சுவரோரம் சாத்திவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சுவரில் இருந்ததை முதல் சொல்லிலிருந்து பெயர் வரை படித்தார். பிறகு பக்கத்திலிருந்த ஓவியத்தின் அருகே சென்று அதன் ஓரத்தை உற்றுப்பார்த்தார்.

“பிரைமர் அடிச்சியாடே?” என்றார்.

“அடிச்சேன், அப்பா.”

“ம்.”

இரண்டாம் வரிசையில் சிஜியின் பக்கத்தில் போய் அமர்ந்தார். மகளின் மடியிலிருந்த சுருளைப் பார்த்தார். அது தம் பீரோவில் இருந்தது என்பதை அறிந்தார் என்பதற்கு அடையாளமாக, அவளைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கூடம் நிறைந்தது. கண்ணாடிக் கதவைச் சாத்திக் குளிரூட்டியை ஓடவிட்டார்கள். ரெம்யா மலையாளத்தில் அறிமுகம் செய்தாள். நெருப்பு, சாம்பல், மௌனம் ஆகிய சொற்கள் அடிக்கடி வந்தன. பிபின் பேசினான். நீலத்தைப் பற்றிப் பேசினான். ஓவியத் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டுவதைப் பற்றித் தேவைக்கு மேல் பேசினான். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் அடுத்ததில் சொல்லிவிடலாம் என்று எண்ணினான். முன் வரிசையில் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் எழுந்து, நீலமெல்லாம் சரி, அந்தத் தீயைப் பற்றிக் கேட்கவே தாம் இவ்வளவு தூரம் வந்ததாகச் சொன்னார்.

“அது… பழைய காரியம்,” என்றான் பிபின்.

“பழையதைத்தான் கேட்க வந்தோம்,” என்றார் பேராசிரியர். சிலர் மெல்லச் சிரித்தார்கள்.

பிபின் தந்தையைப் பார்த்தான். தந்தை, பதில் தெரிந்தும் சொல்லாத பிள்ளையைப் பார்ப்பதுபோல, அவசரமின்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் தண்ணீர்க் குவளையை எடுத்தான், குடித்தான், கீழே வைத்தான். சிஜி சுருளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

ரெம்யா அதற்குள் முந்திக்கொண்டாள். அந்தக் கதையின் தந்தையே இன்று நம்மிடையே இருக்கிறார் என்று அறிவித்து, ஒலிவாங்கியைக் கொண்டுபோய் ராஜையனின் கையில் கொடுத்தாள். கிராமத்துக் கடைக்காரர் ஒருவர் கூட்டத்தைக் கண்டு மருண்டு இரண்டு சொல்லோடு உட்கார்ந்துவிடுவார் என்று அவள் கணக்கிட்டிருக்க வேண்டும். அவர் வாழ்நாளெல்லாம் கூட்டத்துக்கு முன்னால் நின்றவர் என்பது அவளுக்குத் தெரியாது.

ராஜையன் எழுந்து நின்று, ஒலிவாங்கியைச் சரியான தொலைவில் பிடித்தார். தெளிவான மலையாளத்தில் பேசினார்.

“மகன் எழுதியதை இப்போதுதான் முழுதாகப் படித்தேன். அவன் எழுதியபடிதான் நடந்தது. வேறு சொல்வதற்கு ஒன்றுமில்லை.”

அமர்ந்தார்.

ஒரு நொடி கழித்துக் கைதட்டல் எழுந்தது. அது பெரிதாகவே எழுந்தது. பேராசிரியர் எழுந்து நின்று தட்டினார். “அப்பா! கள்ளம் சொல்லாதீங்க! இவங்ககிட்ட சொல்லுங்க அப்பா!” என்று சிஜி கத்தியதை அது மூடிவிட்டது. கேட்ட சிலரும் இரக்கத்தோடு தலைகுனிந்தார்கள். குடும்பத்தினருக்கு இது கடினமான தருணம் என்று ரெம்யா கூறி, பத்து நிமிடத் தேநீர் இடைவேளையை அறிவித்தாள். செல்லும் வழியில் பிபினின் தோளைத் தட்டி, “கேட்டேளா? அவரே சொல்லிட்டார்,” என்றாள். அவள் குரலில் மெய்யான வியப்பு இருந்தது.

*

ராஜையன் முற்றத்தில், வாதாம் மரத்தடியில் நின்றார். சிஜி அவருக்கு எதிரே நின்று அழுதுகொண்டே திட்டினாள்.

“நான் ஊர்ல உள்ளவங்க வாயெல்லாம் பொத்திட்டு, இத வாரிக்கட்டிக்கிட்டு இவ்வளவு தூரம் வந்தது இதுக்கா? ரெண்டு பேரும் சேந்து என்னப் பொட்டியா, புத்தியில்லாதவளா ஆக்கிட்டீங்க. நாளைக்கு மேரி டீச்சர்கிட்ட நான் என்னத்தச் சொல்ல?”

“நீ போயி ஒரு ஆட்டோ பிடி,” என்றார் ராஜையன். “தம்பானூர்ல பஸ் நிக்கும். அதக் கொண்டா இங்க.” அவள் கையிலிருந்த சுருளை வாங்கிக்கொண்டார். அவள் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு வாயிற்கதவைத் தள்ளிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

பிபின் தந்தையின் முன்னால் வந்து நின்றான்.

“எதுக்கு அப்பா அப்பிடிச் சொன்னீங்க?”

“நீ சொல்லுவேன்னு பாத்தேன். நீ வெள்ளம் குடிச்சே.”

“அக்கா காட்டியிருப்பா. அதோட தீந்திருக்கும்.”

“அத்தன பேருக்கு முன்னால நான் பெத்த பிள்ள கள்ளம் சொன்னவன்னு என் வாயால வராது. அவ வாயாலயும் வரக்கூடாது. அது உன் வாயால வரணும்.” அவர் குரல் உயரவில்லை. “நான் சபைக்கு முன்னால நின்னு ஒரு நாளும் கள்ளம் சொன்னதில்ல. இண்ணைக்குச் சொல்லியாச்சு. அதச் சொல்ல வச்சது நீ. அந்த நாணம் உனக்கு இருக்காலே?”

“இருக்கு அப்பா.”

“எனக்குத் தெரியல்ல.”

அவர் காவலாளியிடம் சென்று தீப்பெட்டி கேட்டு வாங்கிவந்தார். காவலாளி பீடியையும் சேர்த்து நீட்டினார். அவர் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டார். காய்ந்த வாதாம் இலைகளைப் பெருக்கிக் குவித்திருந்த மூலைக்கு நடந்தார். பிபின் அவர் பின்னால் ஓடினான்.

“அப்பா, என்ன செய்யுதீங்க?”

“கேளு. நான் சொன்னது கள்ளமாக் கிடக்கக்கூடாது. அதுக்கு ரெண்டு வழிதான் உண்டு. ஒண்ணு, நீ உள்ள போயி, நான் எழுதினது உள்ளதில்ல, அப்பா எரிக்கல்லன்னு சொல்லு. அப்பம் நான் சொன்னது பிள்ளைக்காகச் சொன்னதுன்னு அவனுவளுக்கே தெரியும். இல்லேன்னா நான் சொன்னத நான் உள்ளதாக்கணும். எனக்கு வேற வழி தெரியல்ல.”

“நீங்களும் வாங்க உள்ள. இதக் கொண்டுபோயிக் காட்டுவோம்.”

“வரமாட்டேன். நான் வந்தா நீ என் முகத்துக்காகச் சொல்லுவே. இதத் தூக்கிட்டுப் போனா இதுக்காகச் சொல்லுவே. வெறுங்கையோட போ. அது உள்ளதுங்கதுக்காகச் சொல்லு.”

“நான் சொன்னேனா இல்லியான்னு உங்களுக்கு எப்பிடித் தெரியும்? கதவு சாத்திருக்கும்.”

ராஜையன் கூடத்தின் கண்ணாடிக் கதவைப் பார்த்தார். “பேச்சு கேக்காது. ஆனா எனக்குத் தெரியும். நம்ம கன்வென்ஷன்ல திரவியம் எழும்பி, ‘போன வருஷம் நான் சொன்ன சாட்சி இல்லாததக் கூட்டிச் சொன்னது’ன்னு சொன்னானே. அண்ணைக்கு ஒருத்தன் கை தட்டினானா? ஜெனரேட்டர் ஓடுத சத்தம் மட்டும்தான் கேட்டுது. கள்ளம்னு ஒத்துக்கிட்டவனுக்கு எவனும் கை தட்டமாட்டான். நீ போ. நான் இங்க நின்னு கேக்கேன்.”

அவர் சொன்னதில் பிழை இருப்பதாகப் பிபினுக்கு அப்போது தோன்றவில்லை. அவனும் அதே பந்தலில் வளர்ந்தவன்.

அவன் உள்ளே போனான். கதவு அவனுக்குப் பின்னால் தானே மூடிக்கொண்டது. தேநீர்க் குவளைகளோடு நின்றவர்கள் அவனுக்கு வழிவிட்டார்கள். அவன் ரெம்யாவிடமிருந்து ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கவில்லை, மேசையிலிருந்து எடுத்துக்கொண்டான்.

“ஒன்று சொல்ல வேண்டும்,” என்றான் மலையாளத்தில். “என் அப்பா எதையும் எரிக்கவில்லை.”

கூடம் அடங்கியது. முற்றிலும் அடங்கியது. ஜெர்மனிக்கு ஆள் தேர்ந்தெடுக்க வந்த இருவரும் குவளைகளைக் கீழே வைத்தார்கள். பிபின் மூச்சை இழுத்துக்கொண்டான். இந்த அமைதி இப்படியே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டான்.

“அவர்மேல் எந்தக் குற்றமும் இல்லை. அவர் இப்போது சொன்னது எனக்காகச் சொன்னது. அந்தச் சுவரில் இருப்பது நான் செய்த தப்பு. அந்தப் படங்களை அவர் இத்தனை காலமும் பத்திரமாக வைத்திருந்தார். அவை எரியவே இல்லை.”

இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. பிற்பாடு, பலமுறை எண்ணிப்பார்த்தபோதும் தோன்றவில்லை. ஆனால் கேட்டவர்கள் சற்றுமுன் ஒரு தந்தை எழுந்து நின்று குற்றத்தை ஒப்புக்கொண்டதைக் கண்ணால் பார்த்தவர்கள். இப்போது மகன் வந்து, அவர்மேல் குற்றமில்லை என்கிறான். எதுவும் எரியவில்லை என்கிறான். தப்பு என்னுடையது என்கிறான். முன் வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “மன்னித்துவிட்டான்,” என்று பேராசிரியர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். அது எல்லோருக்கும் கேட்டது.

“இல்லை, மன்னிப்பு இல்லை. நான் சொல்வது…” என்று பிபின் தொடங்கினான்.

கைதட்டல் அவன் மேல் வந்து விழுந்தது. தந்தைக்குத் தட்டியதைவிட நெடுநேரம் தட்டினார்கள். எழுந்து நின்று தட்டினார்கள். உட்காரும்படி அவன் கைகளை அசைத்தான். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு மேலும் தட்டினார்கள். ரெம்யா அவனருகில் வந்து, கண்கள் பளபளக்க, “இதை நான் எழுதியிருந்தாக்கூட இப்படி வந்திருக்காது,” என்றாள்.

“நிறுத்தச் சொல்லுங்க!” என்று அவன் தமிழில் கத்தினான். “கை தட்டாதீங்க! ஐயோ, கை தட்டாதீங்க!”

ஒலிவாங்கியைப் போட்டுவிட்டுக் கதவை நோக்கி ஓடினான். அது விழுந்த முழக்கத்தில் சிலர் காதைப் பொத்திக்கொண்டார்கள். தந்தையும் மகனும் சேரும் காட்சியைத் தவறவிட விரும்பாதவர்கள் அவன் பின்னால் வந்தார்கள். கதவை இழுக்க வேண்டியிருக்க, அவன் தள்ளினான். பேராசிரியர் கையை நீட்டித் திறந்துவிட்டார்.

வாதாம் இலைகள் நன்றாகக் காய்ந்திருந்தன. தீ முழங்கால் உயரத்துக்கு எழுந்திருந்தது. ராஜையன் தாள்களை மொத்தமாகப் போடவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து, ஒரு முறை பார்த்து, ஓரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தார். மெழுகு வண்ணம் சடசடத்தது. காவலாளி எட்ட நின்று வேடிக்கை பார்த்தார்.

பிபினுக்குப் பின்னால் கூட்டம் வாசற்படியில் நின்றுவிட்டது. பிறகு ஒருவர் கைப்பேசியை உயர்த்தினார். அதன்பின் பலர் உயர்த்தினார்கள்.

“கடவுளே,” என்றார் பேராசிரியர். “இந்த மனிதர் இன்னும் எரித்துக்கொண்டிருக்கிறாரே.”

பிபின் தீயில் கைவிட்டான். கையில் கிடைத்தது நொறுங்கியது. காலால் மிதித்தான், இலைகள் சிதறி வேறிடத்தில் பற்றின. “நான் சொல்லிட்டேன் அப்பா! உள்ளதச் சொல்லிட்டேன்! உங்க மேல ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டேன்!”

“கை தட்டுனானுவளே,” என்றார் ராஜையன்.

“அவனுவளுக்கு மனசிலாகல்ல! அதுக்குத்தான் தட்டுனானுவ!”

ராஜையன் நிமிர்ந்து மகனின் முகத்தைப் பார்த்தார். அதில் என்ன கண்டாரோ, அவருடைய கை நின்றது. பிறகு மகனைக் கடந்து, படியில் நின்ற கூட்டத்தையும் உயர்ந்திருந்த கைப்பேசிகளையும் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைக்கு முன் இந்தப் படம் பாறசாலைக்கு வந்து சேர்ந்துவிடும் என்பதை அவரும் அந்த நேரத்தில் கண்டிருக்க வேண்டும். மறுப்பதற்கு இனி யாரிடமும் எதுவும் இருக்கவில்லை. அவர் கையில் ஒரே ஒரு தாள் மிஞ்சியிருந்தது. பிபின் அதற்காகக் கை நீட்டினான். உள்ளங்கை கொப்பளித்துப்போயிருந்தது.

ராஜையன் அந்தக் கையைப் பார்த்தார், தாளைக் கொடுக்கவில்லை. தீயிலும் போடவில்லை. நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, தீப்பெட்டியைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு வாயிற்கதவை நோக்கி நடந்தார்.

ஆட்டோ வந்து நின்றது. உள்ளேயிருந்து சிஜி எட்டிப்பார்த்தாள், புகையைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள்.

“அக்கா, நான் சொன்னேன்,” என்றான் பிபின். “கேட்டுப் பாரு அவங்ககிட்ட. சத்தியமாச் சொன்னேன்.”

“சொன்னவன் முகமாலே இது?” என்றாள் சிஜி. “ஏறுங்க அப்பா.”

ராஜையன் ஏறி அமர்ந்தார். வேட்டி நுனியில் ஒட்டியிருந்த சாம்பலைத் தட்டிவிட்டார். பிபின் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “அப்பா, ஏதாவது பேசுங்க,” என்றான்.

அவர் ஓட்டுநரிடம், “தம்பானூர்,” என்றார்.